வெள்ளம் பார்த்த வண்டி

"பேட்டரி பக்கா மேடம். ஹெல்த் 95%. ஒரே ஓனர். அடிபடாத வண்டி, தண்ணி பாக்காத வண்டி."

எங்களுக்குப் பழைய மின்கார் ஒன்றை விற்ற ஷோரூமின் சேல்ஸ் பையன் 2024 ஆகஸ்டில் என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. கூடவே ஏதோ ஒரு ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. பிறகு நடந்த நீண்ட சண்டையில் பில், ஆர்சி, சர்வீஸ் ரிப்போர்ட் என்று எவ்வளவோ காகிதங்களைச் சேர்த்தோம். இந்தச் செய்திக்கு இருந்த பலம் அவற்றில் எதற்கும் இல்லை.

பெட்ரோல் வண்டி என்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பானெட்டைத் திறந்து சத்தம் கேட்பார், சைலன்சர் புகையைப் பார்ப்பார், ஆயில் கேஜை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் "எடுக்கலாம்" என்றோ "வேண்டாம் விடுங்க" என்றோ சொல்லிவிடுவார். மின்காரில் அந்த அனுபவம் பாதிக்கு மேல் செல்லாது. வண்டியின் விலையில் பெரும் பங்கு, தரைக்கு அடியில் மூடி சீல் வைத்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. வாங்க வந்தவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் வாரண்டி போய்விடும். அதனால் அவர் காசு கொடுப்பது, அந்தப் பெட்டியைப் பற்றி விற்பவர் சொல்லும் வார்த்தைக்குத்தான். வார்த்தை பொய் என்றால் மொத்த வியாபாரமும் பொய். எங்கள் புகார் மனு தொடக்கம் முதல் கடைசி வரை இந்த ஒரு வாதத்தின் மேல்தான் நின்றது.

வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப்போவதில்லை. தயாரித்தவர்கள் மேல் எங்களுக்குக் குறை கிடையாது. 2022 பிப்ரவரியில் பதிவான வண்டி, பேட்டரி 30 கிலோவாட்-மணி அளவு. நாங்கள் சேலையூரில் இருக்கிறோம். மனைவிக்குச் செங்கல்பட்டில் பள்ளிக்கூட வேலை. போக வர 65 கிலோமீட்டர் போல வரும். பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மின்காருக்கு வந்தோம். புதிது வாங்கக் கை எட்டவில்லை, பழையது எட்டியது. பாதிக்கு மேல் வங்கிக் கடன்.

தூரக் கணக்கை நாங்கள் நம்பிக்கையில் விட்டுவிடவில்லை. நெக்ஸான் இவி 2020 ஜனவரியில் வந்தபோது அதன் பேட்டரி 30.2 கிலோவாட்-மணி, வாகனங்களைச் சோதிக்கும் அராய் அமைப்பு சான்றளித்த தூரம் 312 கிலோமீட்டர். அதே மாதம் வந்த எம்ஜி இசட்எஸ் இவிக்கு 44.5 கிலோவாட்-மணி, 340 கிலோமீட்டர். ஏசி போட்டு நெரிசலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தூரம் கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதை யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. சோதனை நடக்கும் இடமும் செங்கல்பட்டு போகும் ஜிஎஸ்டி சாலையும் ஒன்றில்லை. ஆகவே 30 கிலோவாட்-மணி பேட்டரியில் 200ஐ ஒட்டிக் கிடைத்தால் போதும் என்றுதான் எதிர்பார்த்தோம். ஷோரூமில் ஓட்டிப் பார்த்தபோது திரை காட்டியது அதைவிட அதிகம். திரையில் வரும் அந்த எண், வண்டி சமீபத்தில் எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்துப் போடும் கணிப்பு. இரண்டு நாள் ஏசி இல்லாமல் மெதுவாக ஓட்டி வைத்தால் எண் தானே ஏறிவிடும். பேட்டரியின் உண்மையான கொள்ளளவை அது சொல்வதே இல்லை.

முதல் சில வாரங்கள் குறை தெரியவில்லை. அப்புறம் ஒரு மாலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வரும்போது 22 சதவீதம் இருந்த சார்ஜ், ஒரே இறக்கமாக 6க்கு வந்து நின்றது. மனைவி ஓரம் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். பெரும்பாலான இந்திய மின்கார்களில் இருப்பது எல்எஃப்பி எனும் இரும்பு-பாஸ்பேட் வகை செல்கள். ஆயுளிலும் பாதுகாப்பிலும் நல்ல வகை. ஆனால் அவற்றின் வோல்டேஜ், சார்ஜ் நடுப்பகுதியில் இருக்கும் வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிப்பது வண்டியின் கணினிக்கே சிரமம். வரிசையில் ஒரு செல் பலவீனமாக இருந்தால், அடிமட்டத்துக்கு வரும்போதுதான் அது குட்டை உடைக்கும். கணினி பதறிப்போய் எண்ணைத் திருத்தும். ஆறு மாதமாக முழு சார்ஜ் போடாத நல்ல வண்டியிலும் இப்படிக் கொஞ்சம் குதிக்கும் என்பதால், முதலில் முழுதாக ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் அதே கதை.

அக்டோபர் நடுவில் மழை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மழைதான். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த ஊர் அப்படித்தான் செய்யும். எங்கள் தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்க வேண்டிய காப்பு குறைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், இந்த பேட்டரி பேக்கை யாரோ வெளியில திறந்திருக்காங்க. இது எங்க சீலன்ட் இல்ல. கனெக்டர் எல்லாம் களிம்பு ஏறிக் கெடக்கு பாருங்க." செம்பு முனைகளில் பச்சையாகப் படிந்திருந்தது. பழைய வேலை விவரம் கேட்டோம். முந்தைய உரிமையாளரின் தகவலை எங்களிடம் தர முடியாது, அவரே கேட்டால் அவருக்குத் தருவோம் என்றார்கள். 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற பேட்டரி வாரண்டி எங்களுக்குப் பொருந்தாது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வெளி ஆள் திறந்த பேக்குக்கு வாரண்டி கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை நாங்களே அளந்தோம். இந்தச் சோதனையை எல்லாரும் செய்யலாம், காசு செலவில்லை. சார்ஜ் 20 சதவீதத்துக்கு வரும்வரை ஓட்டிவிட்டு, வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்து, ஈபி மீட்டரின் எண்ணை வீடியோ எடுத்தோம். 15 ஆம்பியர் பிளக்கில் வண்டியை மாட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். 100 வந்ததும் மீண்டும் மீட்டரை வீடியோ எடுத்தோம். ஒரு கிலோவாட்-மணிதான் ஒரு யூனிட்; 30 கிலோவாட்-மணியில் 80 சதவீதம் என்றால் 24 யூனிட். சார்ஜரில் வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 27 ஓடியிருக்க வேண்டும். ஓடியது 21க்கும் குறைவு. வீணாவதைக் கழித்துப் பார்த்தால், எங்கள் பேட்டரி முக்கால் பங்குதான் உயிரோடு இருந்தது. 95 என்று அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்குத்தான் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் சேசிஸ் எண் இல்லை, பதிவெண் இல்லை, தேதிகூட இல்லை. அது எந்த வண்டியின் படமாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

என் மனைவி எல்ஐசி ரசீதுகளைக்கூட வருட வாரியாகக் கோத்து வைப்பவர். டெலிவரியின்போது கொடுத்த ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். பத்து மணிக்கு மேல் என்னை எழுப்பினார். "ஏங்க, இந்த இன்ஷூரன்ஸைப் பாருங்க. என்சிபி சைபர்னு போட்டிருக்கு."

நோ கிளெய்ம் போனஸ் என்பது வருடம் முழுக்க கிளெய்ம் எதுவும் வாங்காத உரிமையாளருக்கு, அடுத்த வருடப் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதியில் தரும் தள்ளுபடி. முதல் வருடத்துக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு 25, பிறகு 35, 45, 50. ஒரு கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு முன் வண்டிக்கு ஒரே உரிமையாளர். 2022 பிப்ரவரியில் பதிவு. 2024 பிப்ரவரி பாலிசியில் 25 இருந்திருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தது. அப்படியானால் 2023 பிப்ரவரிக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையில் அவர் கிளெய்ம் வாங்கியிருக்கிறார். அந்த இடைவெளியில் சென்னையில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. ஆர்சியில் இருந்த முகவரி, அடையாற்று வெள்ளம் புகும் முடிச்சூர்.

போனோம். முந்தைய உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்றவர். நாங்கள் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, நான் ஒண்ணையும் மறைக்கலையே. கீழ ஸ்டில்ட் பார்க்கிங்ல நின்ன வண்டி, சீட்டு வரைக்கும் தண்ணி. ரெண்டு நாள் வடியல. போட்டோ எல்லாம் அனுப்பித்தான் அந்த ஷோரூமுக்குக் குடுத்தேன். அதனாலதானே அவ்வளவு கம்மியா எடுத்தாங்க?" போனைத் திறந்து காட்டினார். ஷோரூமில் வண்டி எடுக்கும் ஆளுக்கு அவர் அனுப்பிய படங்கள் இருந்தன. கீழே அந்த ஆள் போட்ட பதிலும் இருந்தது: "ஃப்ளட் வண்டின்னா இந்த ரேட்டுதான் சார் முடியும்."

அவர் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் சார்ஜரையும் சில மின்னணுப் பாகங்களையும் மாற்றியிருந்தார். பேட்டரி பேக்கைக் கண்காணிக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டரின் வேலை விவரத் தாளான ஜாப் கார்டில் எழுதியிருந்தது. பேக்குக்கு ஐபி67 தரம் என்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். சாக்கடை கலந்த அடையாற்று வெள்ளத்தில் இரண்டு நாள் நிற்பதற்கு அந்தத் தரம் உத்தரவாதம் தராது. அவர் பயந்துபோய் வண்டியை விற்றார். நியாயமாகத்தான் விற்றார். பேக்கைத் திறந்து உலர்த்தி ஒட்டியது அவர் கையை விட்டுப் போன பிறகு நடந்தது. கிளெய்ம் காகிதம், ஜாப் கார்டு, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எங்களுக்குக் கொடுத்தார். தேவைப்பட்டால் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னார். தனக்கு ஒரு லாபமும் இல்லாத விஷயத்தில் ஒருவர் இப்படி நிற்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இந்த வழக்கில் நாங்கள் கடன்பட்டிருப்பது அவருக்குத்தான்.

ஷோரூமுக்கு நேரில் போனபோது முதலில் காபி கொடுத்தார்கள். அப்புறம் மேனேஜர் மூன்று பதில் வைத்தார். பழைய வண்டித் தகராறில் யாராக இருந்தாலும் இந்த மூன்றையும்தான் சொல்வார்கள் என்று வக்கீல் பின்னால் சொன்னார். அதனால் அவற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் பதில்: "நாங்க நடுவுல இருக்கிறவங்கதான் சார். வித்தது அவர், வாங்கினது நீங்க." ஆர்சி நேராக முதல் உரிமையாளர் பெயரிலிருந்து மனைவி பெயருக்கு மாறியிருந்தது உண்மை. பழைய வண்டி வியாபாரத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் கிடைத்ததும் பெயரை நிரப்புவது நெடுநாள் பழக்கம். இதைச் சரிசெய்யத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பழைய வண்டி டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததிலிருந்து வண்டிக்கு உரிமையாளராகக் கருதப்படுபவர் டீலர்தான். எங்கள் ஷோரூம் இதைச் செய்யவே இல்லை. ஆனால் முழுப் பணமும் அவர்கள் கணக்குக்குப் போயிருந்தது, பில் அவர்கள் பெயரில் இருந்தது, ஜிஎஸ்டி எண்ணும் அவர்களுடையது. முடிச்சூர்க்காரருக்கு மே மாதமே காசு கொடுத்து முடித்திருந்தார்கள். தன் காசில் வாங்கி லாபம் வைத்து விற்பவர் தரகர் ஆக மாட்டார். விதியை மீறியதையே அவர் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று மனுவில் எழுதினோம்.

இரண்டாவது பதில்: "டெலிவரி நோட்ல இருக்கு பாருங்க, இருக்கிற நிலையில் வாங்கிக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அச்சடித்த அந்த வரி எல்லா ஷோரூம் தாளிலும் இருக்கும். நாள்பட்ட டயர், தேய்ந்த பிரேக், கீறல் போன்றவற்றுக்கு அது செல்லும். கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் சொன்னதை அது மூடாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவில், உண்மையில்லை என்று தெரிந்தே ஒன்றை உண்மை என்று சொல்வதையும், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதையும் மோசடி என்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2(47)இல் வரையறுக்கிறது. நல்ல வேளையாக என் மனைவி நேரடியாகக் கேட்டிருந்தார்: "வெள்ளத்துல மாட்டின வண்டியா?" அதற்கான பதில்தான் மேலே எழுதிய செய்தி.

மூன்றாவது பதில்தான் எங்களைத் தூங்க விடவில்லை. "பாலிசி காப்பி உங்க கையிலதானே இருந்துச்சு? என்சிபி சைபர்னு நீங்களே பாத்திருக்கலாமே?" எங்களுக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்த தாளையே எங்களுக்கு எதிராகத் திருப்பினார்கள். இதற்குச் சட்டத்தில் ஓர் இடமும் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்த விதிவிலக்கை முழுவதும் படிக்க வேண்டும். தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும், வாய் திறக்காமல் இருந்து செய்த மோசடிக்கும்தான் அது பொருந்தும். வாய் திறந்து சொன்ன பொய்க்குப் பொருந்தாது. "தண்ணி பாக்காத வண்டி" என்பது மௌனம் இல்லை. தவிர, பாலிசியைக் கொடுத்தது முழுப் பணமும் வாங்கிச் சாவி கொடுத்த அன்று. கேட்டால் பொய் சொல்லிவிட்டு, "நீ ஏன் என்னை நம்பினாய்" என்று வாங்கியவரைப் பார்த்து ஒரு வியாபாரி கேட்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஊரில் ஆயிரம் பேர் தினமும் அந்த நம்பிக்கையில்தான் பொருள் வாங்குகிறார்கள்.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்தோம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. பதில் வரவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கு வந்த பதிலில் மேலே சொன்ன மூன்றும் இருந்தன. 2025 தொடக்கத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். பலருக்குத் தெரியாத ஒன்று: ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த வசதி அது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கியிருந்தால் 200 ரூபாய். புகார் எழக் காரணமான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாக வைப்பதற்கு வக்கீல் சொன்ன முறை இது. உரையாடலைத் துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்ய வேண்டும், அந்த போனை மாற்றவோ அழிக்கவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சிய விதிகளைக் கறாராகப் பிடிக்கும் இடம் இல்லைதான். இருந்தாலும் எதிர்த்தரப்பு "இது நாங்க அனுப்பினதே இல்ல" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. முடிச்சூர்க்காரரும் தன் போனுக்கு அதே மாதிரி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எதிர்த்தரப்பு பதில் மனு போட 30 நாள். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15. அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் ஷோரூம் கடைசி நாளில் பதில் போட்டது. வண்டியைச் சுயேச்சையான ஆளிடம் பரிசோதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்ட மனு எடுக்கப்பட்ட நாளில்தான், அவர்கள் பேச்சு முதல் முறையாக மாறியது. பேக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சமரச மையத்துக்குப் போக இரு தரப்பும் சம்மதித்தோம்.

இந்த மாதங்கள் முழுக்க கடன் தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தோம். ஓடாத வண்டிக்குத் தவணை கட்டுவது வயிறெரிச்சல்தான். ஆனால் தகராறு டீலரோடு, வங்கியோடு இல்லை. நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும், வங்கி வண்டியைத் தூக்கும். சாட்சியமே கையை விட்டுப் போய்விடும். மனைவி காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தார்.

சமரசப் பேச்சில் பணம் சீக்கிரமே படிந்தது. ஓட்டிய கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் தருவதாகவும், சர்வீஸ் சென்டர் செலவையும் வண்டியை இழுத்துப் போன செலவையும் ஏற்பதாகவும், வண்டியைத் தாங்களே வந்து எடுத்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். வங்கிக் கடனை முதலில் அடைத்து, ஆர்சியில் வங்கியின் அடமானப் பதிவான ஹைப்போதிகேஷனை நீக்கி, பெயர் மாற்றம் முடிந்ததற்கு ஆதாரம் கொடுத்த பிறகுதான் வழக்கு முடியும் என்று எழுதச் சொன்னோம். அதற்கும் சரி என்றார்கள். மேனேஜர் பேனாவை எடுத்துவிட்டார்.

என் மனைவி இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். "இந்த வண்டியை மறுபடி யாருக்கு வித்தாலும், வெள்ளத்துல நின்னதையும் பேக்கைத் திறந்ததையும் எழுத்துல குடுத்துட்டுத்தான் விக்கணும். அதையும் இதுல சேருங்க சார்."

லட்சக்கணக்கில் பணம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் இதற்கு எழுந்து போய்விட்டார்கள். அடுத்த அமர்வில் அவர்கள் வக்கீல், "உங்களுக்குப் பணம் வந்தாச்சு, வண்டி இனிமே எங்களோடது, அது உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். மனைவி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நான் ரோட்டுல ஓரம் கட்டினப்போ பின்னாடி லாரி வந்துச்சு சார். அடுத்து வாங்கறவங்க வண்டியில குழந்தை இருக்கலாம்." உயர் மின்னழுத்தக் காப்பு குறைந்த வண்டி அது. தூரம் குறைவாகக் கொடுப்பதோடு அதன் ஆபத்து நிற்காது. நானே ஒரு கட்டத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

சமரசரும் அந்த நிபந்தனை சரியானதுதான் என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் சேர்த்தார்கள்: சர்வீஸ் சென்டர் அறிக்கையின் நகலோடு வெள்ள விவரத்தை எழுத்தில் கொடுத்து, வாங்குபவரின் கையெழுத்து பெற்ற பிறகே விற்பது, அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிய பேக் போட்டு அதன் பில்லோடு விற்பது. ஒப்பந்தத்தின்படி ஆணையம் உத்தரவு பிறப்பித்தது. அந்த உத்தரவை மீறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் வந்தது, கடன் அடைந்தது, பெயர் மாறியது.

இந்த உத்தரவு காப்பாற்றுவது ஒரு வண்டியை. மிக்ஜாமில் நின்ற மற்ற வண்டிகள் எங்கே போயின? ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு வைத்துத் தொகையைக் கொடுத்துவிடுவார்கள். மின்காரில் பேட்டரி விலையே பெரும் பகுதி என்பதால், பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் வண்டிகூட எளிதில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பிறகு அது ஏலத்தில் போகும், யாரோ வாங்கித் துடைத்து, உலர்த்தி, பாலிஷ் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, எத்தனையாவது உரிமையாளர் என்றெல்லாம் தெரிகிறது. வெள்ளத்தில் நின்றது தெரிவதில்லை. அந்தத் தகவல் நாட்டில் இல்லாமல் இல்லை; ஒவ்வொரு கிளெய்மும் காப்பீட்டு நிறுவனங்களின் கணினியில் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் முழு இழப்பாகத் தள்ளப்பட்ட வெள்ள வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி விதிமுறைப்படி, மின்கார் பேட்டரியை வாங்குபவர் அதன் ஆரோக்கிய விவரத்தைப் பேட்டரியின் கணினியிலிருந்தே படித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் கட்டாயம்.

நமக்கும் இரண்டு ஏற்பாடு வேண்டும். வாகன் பதிவில் வெள்ளச் சேதம், முழு இழப்பு என்று ஒரு வரி. மின்கார் கைமாறும்போது கம்பெனி சர்வீஸ் சென்டர் தரும் பேட்டரி சான்றிதழ், சேசிஸ் எண்ணோடும் தேதியோடும். இதைக் கேட்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் மாநிலப் போக்குவரத்து ஆணையருக்கும் மனைவி கடிதம் எழுதி, உத்தரவின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த நினைவூட்டலில் முடிச்சூர்க்காரரும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.